ஒருத்தி வரலாம்

கிளினிக்கில் மிட்வைஃப் நோனா சொன்னார்:
பிரசவ அறைக்குள் கூடவே ஒருத்தி வரலாம்.
ஒருத்திதான்.
பொம்பளையாய் இருக்கணும், மயங்கி விழக்கூடாது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறுவதற்குள்
சேதி லயத்துக்கு வந்துவிட்டது.
ஆறு காம்பராவுக்கும் ஒரே தகரம், ஒரே காது.

மாமி நல்ல சேலையொன்றை எடுத்து
பைக்குள் வைத்துவிட்டார்.
நாத்தனார் மூக்குத்தியைக் கழற்றிப் பார்த்தாள்,
உள்ளே விடும்போது கழற்றச் சொல்வார்களாமே.

நான் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
கேள்விகள் எழுதினேன்.

மாமியிடம் முதல் கேள்வியையே
கேட்க முடியவில்லை:
வலியில் உங்கள் மகனைத் திட்டினால்
கேட்டுக்கொண்டு நிற்பீர்களா?

நாத்தனாரிடம் ஒரே சொல்லில் கேட்டேன்: ரத்தம்?
அட்டை கடித்த இடத்தையே
திரும்பிப் பார்க்க மாட்டேன் அண்ணி, என்றாள்.

கொழும்பிலிருந்து அவர் போனில் சிரித்தார்.
புள்ள பெக்கப் போறதுக்கு இன்டர்வியூவா?
சிமெந்து மூட்டை தூக்கவே உங்களை
மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்தார்களே, என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் கடை இரைச்சல் மட்டும் கேட்டது.

பிலோமினா வந்தது அந்தி நிறுவை முடிந்து.
இடுப்புப் படங்கை அவிழ்க்கவில்லை.
அடுப்போரம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்,
ஆபீசுக்கு வந்தவள் மாதிரி.

கட்டுநாயக்காவில் எட்டு வருஷம், காலர் தைத்தாளாம்.
போர்டிங்கில் ஒருத்திக்கு வலி வந்தால்
மஸ்கெலியாவிலிருந்தோ பதுளையிலிருந்தோ
ஆள் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும்.
அதனால் இவள்தான் கூடப் போவாள்.

எத்தனை பிரசவத்துக்குப் போயிருக்கீங்க?

நாலு, என்றாள்.
தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு,
மூணு அழுதுச்சு.

அடுத்த கேள்வி பில்லில் இல்லை.
இருந்தும் கேட்டேன்,
அந்த நாலாவதுக்கு என்ன செஞ்சீங்க?

வெளிய போகச் சொன்னாங்க. போகல்ல.
அவ தலை கலைஞ்சு கெடந்துச்சு, பின்னிவிட்டேன்.
வேற என்ன செய்யுறதுன்னு தெரியல்ல.

பில்லை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.
பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள்.
நோவு வந்தா கத்துவியா, பல்லக் கடிச்சுக்குவியா?
முதுகத் தேய்ச்சா சொகமா, எரிச்சலா?
அந்த நேரத்துல யாரு பேரச் சொன்னா
உனக்குக் கோவம் வரும்?

எதற்கும் என்னிடம் பதில் இல்லை.
தலைப்பிரசவம், எனக்கென்ன தெரியும்?
போய்ப் பாத்துக்குவோம், என்றாள்.

சிங்களம் வருமா?
விலை கேட்கிற அளவுக்கு வரும்.
அப்ப ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வை.
எப்பான்னு மட்டும் கத்தாத.
அவங்க பேச்சுல அது வேணாம்னு அர்த்தம்.
நீ நோவு தாங்காம எப்பா எப்பாங்குற,
மிஸ்ஸிக்கு நீ
வேணாம் வேணாம்னு அடம்புடிக்கிற மாதிரி கேக்கும்.
எங்க போர்டிங் புள்ள ஒருத்தி
அதுக்கே ஏச்சு வாங்குனா.
அம்மான்னு கத்து.
அது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

குனிந்தால் எப்பா, நிமிர்ந்தால் எப்பா,
ஏழு மாதமாய் என் மூச்சே அதுதான்.

சம்பளம்?
கொழுந்துக்குப் போகாத நாளுக்கு ஒரு பேர்.
பஸ் காசு தனி.
ராத்திரியானா?
ராத்திரிக்குப் பேர் போட
எந்தக் கணக்கப்புள்ள முழிச்சிருக்கான்?
அவள் சிரித்தபோது
கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரிந்தது.
வாசலில் இறங்கி, இருட்டுக்குள்ளிருந்து
திரும்பி ஒரு சொல் சொன்னாள்:
தலைக்கு எண்ணெ வச்சுக்கிட்டு வந்துறாத,
பின்னும்போது வழுக்கும்.

அன்றிரவு புரண்டு படுத்தேன்.
விலாவில் ஒரு உதை.
எ... என்று வந்ததை விழுங்கி
அம்மா, என்றேன்.

பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம்
வளையல் சத்தம்.
என்னம்மா, வலிக்குதா?
மாமி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

இல்ல மாமி, என்றேன்.
பழகிப் பாக்குறேன்.